அங்கேகாரர் கட்டிய மதில்

துபாய் விமான நிலையத்துக்கு அப்பாவை அழைத்துவரப் போன அன்று நடந்த பேச்சு, ஸ்வாதிக்கு இன்றைக்கும் ஒரு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. ஒன்பது நாள் இங்கிலாந்தில் இருந்துவிட்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு, சேதுராமன் வெளியே வந்தார். பெரிய கோயிலில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துத் தரிசனம் கிடைத்துவிட்டவரின் களை முகத்தில் இருந்தது.

"எப்படிப்பா இருந்தது?"

"மதில்" என்றார்.

"என்னப்பா?"

"மதில்மா. செங்கல் மதில். பன்னிரண்டடி உயரம். இருநூத்தைம்பது வருஷம்."

அம்மா ஜலஜா அவருடைய கழுத்தைக் கவனித்தாள். "மப்ளர் எங்கே? குளிரலையா?"

"குளிராம? குளிருக்காகத்தானே ஜலஜா, மதிலே கட்டியிருக்கான்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணினீங்க?"

"அங்கே சுவத்திலே பழம் காய்க்குது."

ஜலஜா மகளைப் பார்த்தாள். மகள் கார் டிக்கியைத் திறந்தாள். சேதுராமன் பெட்டியை ஏற்றாமல், கார் நிறுத்தத்தின் கான்கிரீட் தூணை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, பெருமூச்சு விட்டார். ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர் அவர். ஓடுகளைத் தட்டித் தட்டியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். ஆனால் எதையும் தட்டிவிட்டு இதுவரை பெருமூச்சு விட்டதில்லை.

ஒரு மணி நேரப் பாதையில் மணல், ஒட்டகம், பெட்ரோல் பங்க் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் காம்பவுண்டைப் பார்த்தார்.

"இதைப் போய்ச் சுவர்னு சொல்லிக்கிட்டிருக்கோம்."

"பன்னிரண்டு வருஷமா அதுக்கு அதுதான் பேரு" என்றாள் ஜலஜா. "உள்ளே வாங்க. ரசம் வச்சிருக்கேன்."

வாசகரே, ஓர் அங்கேகாரர் பிறப்பதை நேரிலேயே பார்த்துவிட்டீர்கள்.

அங்கேகாரர் என்பது இந்த இனத்தின் பெயர். வளைகுடாவில் எல்லா ஊரிலும் உண்டு. துபாயின் கராமாப் பகுதி ஓட்டல்களில், விடுமுறை நாள் மாலைகளில், கூட்டமாகவும் காணக் கிடைக்கும். அடையாளம் காண்பது சுலபம். தான் நிற்கிற இடத்தைப் பற்றி அவர் பேசவே மாட்டார். லீவில் திருச்சிக்குப் போனால், ஆட்டோவில் ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்குவதற்குள் "துபாயிலே எல்லாம்" என்று ஆரம்பித்து, ரோட்டில் கோடு தாண்டினால் என்ன ஆகும், தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் மற்றவர்கள் எப்படித் திரும்பிப் பார்ப்பார்கள், பச்சை விளக்கு எரிந்தும் நடந்துபோகிறவருக்காக வண்டி எப்படிக் காத்திருக்கும் என்று, வீடு வந்த பிறகும் இறங்காமல் சொல்லுவார். அதே மனிதர் லீவு முடிந்து இங்கே வந்து இறங்கட்டும். துபாய் அந்த நிமிஷமே வாய்க்குள் செத்துப்போகும். "அங்கே" என்பது இப்போது வேறு ஊர். எந்த ஊர்? கடைசியாக எங்கே போய்வந்தாரோ அந்த ஊர். பாவம், ராஸ் அல் கைமா! இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட ஊருக்கு "அங்கே" ஆகும் யோகம் திருச்சியில் மட்டும்தான்; அதுவும் துபாய் என்ற பெயரில்.

அங்கே எவ்வளவு குறைவாக இருந்தாரோ அவ்வளவு அதிகமாகப் பேசுவார் என்பது இந்த இனத்தின் முக்கியமான விதி. ஸ்வாதியோடு பள்ளியில் படித்த சம்யுக்தா இங்கிலாந்தில் ஏழு வருஷமாக இருக்கிறாள். அங்கத்திய மதில்களைப் பற்றி ஃபோனில் விசாரித்ததற்கு, "மதிலா? எங்க பக்கத்து வீட்டு வேலி சாஞ்சு கிடக்கு, அது ஒண்ணுதான் தெரியும்" என்றாள். ஏழு வருஷத்துக்கு ஒரு வேலி. ஒன்பது நாளுக்கு? ஒரு மதில், நாலு வாசல், நானூற்றுப் பன்னிரண்டு புகைப்படங்கள்.

புதிதாக வந்த இயந்திரம் ஒன்றைப் பழகிக்கொள்ளத்தான் தொழிற்சாலை அவரை அனுப்பியது. அந்த இயந்திரத்தைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகட்டும் என்று, கிராமப்புறத்தில் இருக்கும் ஒரு பழைய பிரபுவின் மாளிகையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். வந்தது வினை.

புகைப்படம் என்றதும் மீராசாவை நினைத்து நீங்கள் கொஞ்சம் பரிதாபப்பட வேண்டும். பக்கத்து வில்லாக்காரர். புஜைராத் துறைமுகத்தில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். வந்த மனிதரைச் சாப்பிடக் கூப்பிட்டு, பாயசம் தொண்டையில் இறங்குவதற்குள் ஃபோனை டி.வி.யோடு இணைத்துவிட்டார் சேதுராமன்.

"இது மேற்கு மதில்."

"இது?"

"இதுவும் மேற்கு மதில்தான். கொஞ்சம் தள்ளி."

நாற்பதாவது படத்தில் மீராசா மரியாதைக்கு வாயைத் திறந்தார். "மாஷா அல்லா. நல்லா செவப்பா இருக்கு."

"சிவப்பா? மீராசா, இதிலே பதினோரு சிவப்பு இருக்கு! அந்த எஸ்டேட் மண்ணையே தோண்டி, அங்கேயே சூளை போட்டுச் சுட்ட கல்லு. தட்டிப் பார்த்தேன். மணி மாதிரி சத்தம்."

மீராசாவின் மனைவி ஷம்சியாவுக்கு ஒரு சந்தேகம். "சுவர் பூரா ஆணி ஆணியா இருக்கே அண்ணே?"

"அங்கேதான்மா விஷயமே இருக்கு. பழமரத்தைச் சுவத்தோட சாத்தி, கிளையைக் கை விரிச்ச மாதிரி விரிச்சு, ஆணி அடிச்சுக் கட்டுவான். பகல் பூரா வெயிலைச் சுவர் குடிச்சு வச்சுக்கும். அப்புறம் மெல்ல மெல்ல மரத்துக்குக் கொடுக்கும். பீச், பேரி, அத்தி எல்லாம் அப்படித்தான் பழுக்குது. சில சுவத்துக்குள்ளே அடுப்பே வச்சிருக்கான். உள்ளே நெருப்பு, வெளியே பழம்!"

"வெயிலைக் குடிச்சு வச்சுக்குமா?" ஷம்சியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே ராஸ் அல் கைமாவின் வெயில் காரின் மேல் நின்று கண்ணைக் கூசவைத்தது. "அல்லாவே. அந்த ஊருல வெயிலுக்கு அவ்வளவு பஞ்சமா?"

இந்தக் கேள்வியோடு எல்லாம் முடிந்திருக்கலாம். பேசுவதோடு நின்றால் அங்கேகாரரால் யாருக்கும் கெடுதல் இல்லை. கேட்பவருக்குக் கொஞ்சம் கொட்டாவி, அவ்வளவுதான். ஆனால் பேசிப் பேசி ஒருநாள் அவருக்குக் கை பரபரக்கும். "அங்கே" இருப்பதை "இங்கே" கொண்டுவந்தால் என்ன? எல்லா ஆபத்தும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பம். சிங்கப்பூர் போய்வந்தவர் வீட்டுக்குள் மீன்குளம் வெட்டியதும், சுவிட்சர்லாந்து போய்வந்த அம்மாள் அபுதாபி ஃபிளாட்டில் பதினெட்டு டிகிரியில் ஏ.சி. வைத்து எல்லோருக்கும் சளி பிடிக்கவைத்ததும் இப்படித்தான்.

சேதுராமன் பின்முற்றத்தில் மதில் கட்டத் தீர்மானித்தார். மூன்று பக்கம் செங்கல் மதில், நாலாவது பக்கம் வீடு, ஓரத்தில் இரும்புக் கதவு வைத்த ஒரு வாசல். நடுவே தோட்டம். டீ மேஜை.

அந்த வாசல் வரவேண்டிய இடத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ஊரில் கறிவேப்பிலை கொசுறு. காய்க்காரர் அலட்சியமாகப் பையில் திணிப்பது. இங்கே அது பிரமுகர். ஜலஜா அதைச் சுண்டுவிரல் பருமனுள்ள குச்சியாக வாங்கி வந்து, முதல் மூன்று கோடைக்கும் அதன் மேல் பழைய புடவையால் பந்தல் போட்டு, அரிசி களைந்த தண்ணீரும் புளித்த மோரும் ஊற்றி, பதினோரு வருஷத்தில் மொட்டைமாடியை எட்டிப் பார்க்கும் அளவுக்கு வளர்த்திருந்தாள். வட்டாரத்தில் பாதித் தமிழ் வீடுகளின் தாளிப்பு அந்த மரத்திலிருந்து. புது ஆட்கள் வேலைக்கு வந்து சேர்ந்தால், பள்ளிக்கூடம் எங்கே, டாக்டர் எங்கே என்று விசாரிப்பார்கள், மூன்றாவதாக "ஜலஜாக்கா வீடு எது?" என்று கேட்பார்கள். வெளியே யாரோடும் அதிகம் பழகாத ஜலஜாவுக்கு, அந்நிய ஊரில் இத்தனை சொந்தம் சேர்த்துக்கொடுத்ததே அந்த மரம்தான்.

"ஸ்வாதி, மரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமான்னு உங்கம்மாகிட்டே கேளு" என்றார் சேதுராமன். அம்மா ஆறடி தூரத்தில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பெரிய விஷயங்களை அவர்கள் எப்போதும் மகள் வழியாகத்தான் பேசுவது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஸ்வாதிக்குப் பேச்சு குறைவு. ஆகவே தகவல் சிந்தாமல் போய்ச்சேரும்.

"ஸ்வாதி, உங்கப்பாகிட்டே சொல்லு" என்றாள் ஜலஜா, தோசையைத் திருப்பியபடி. "அந்த மரத்துல ஒரு கொப்பு வாடினாலும்..."

அதோடு நிறுத்திவிட்டாள். இருபத்தெட்டு வருஷ இல்லறத்தில் சேதுராமன் மிகவும் பயப்படுவது, அவள் முடிக்காமல் விடும் வாக்கியங்களுக்குத்தான். வாசல் நாலடி தள்ளிப்போயிற்று. மரம் மதிலுக்குள்ளேயே, அதுவும் மதியத்துக்கு மேல் வெயில் நேராக விழும் சுவரை ஒட்டி, நிற்கும்படி ஆயிற்று. "அங்கே இதுதான் ராஜ மரியாதை உள்ள இடம். பீச் மரத்தை இங்கேதான் வைப்பான்" என்றார்.

வீட்டுக்கார அரபியிடம் அனுமதி கேட்டார்கள். "பழைய சுவரைத் தொடாதே. மிச்சத்தை உன் இஷ்டம்போல் செய். கலாஸ், பேச்சு முடிந்தது" என்று சொல்லி அவர் போய்விட்டார்.

ஒரு மராமத்துக் கம்பெனி, கொத்தனாராகக் கார்மேகத்தை அனுப்பியது. பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்குபவர்; பாதி ராஸ் அல் கைமாவைத் தன் கையால் பூசியவர். படத்தைப் பார்த்தார். ஃபோனைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"என்ன சார், செவுரு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

"அப்படித்தான் கார்மேகம் கட்டணும். வளைவுதான் பலம். ஒத்தைக்கல் கனத்திலே அங்கே எத்தனை வருஷமா நிக்குது!"

"நிக்கும் சார். நான் இல்லைன்னு சொல்லலை. முப்பது வருஷமா நூல் பிடிச்சுக் கட்டின கை இது. எவனாச்சும் பார்த்தா, கார்மேகம் வெயில்ல கிறுக்குப் பிடிச்சுக் கட்டியிருக்கான்னு சொல்லமாட்டாகளா?"

"உள்ளே அடுப்பு வைக்கிற மாதிரியும் அங்கே..."

"செவுத்துக்குள்ள அடுப்பா?" கார்மேகம் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இங்க அந்த வேலை மிச்சம் சார். மேலே இருந்து ஒருத்தன் சும்மாவே எரிச்சுக்கிட்டிருக்கான்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஸ்வாதியிடம், "ஏம்மா, அது குளிரு நாட்டுச் செவுருதானே? இங்க அந்த மரத்துக்குக் காத்து வேணும்ல?" என்று கேட்டார்.

ஸ்வாதி அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. அங்கேகாரரின் காது அப்படிப்பட்டது. "இங்கே" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும் அதற்குள் நுழையாது.

சிவப்புச் செங்கலுக்காக ஒரு சனிக்கிழமை முழுதும் அலைந்தார்கள். இரும்புக் கதவை வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தார்கள். இலையும் கொடியும் சுருண்டு சுருண்டு, நடுவில் கல்ஜாடி ஒன்று இருக்கும் படத்தைக் காட்டிவிட்டு வந்தார்கள். கடைக்காரர் வாழ்க்கையில் ஆயிரம் வில்லாவுக்குக் கதவு செய்தவர். ஜாடியைப் பார்த்ததும் அவருடைய கை தானாக ஓடியிருக்கிறது. கதவு வந்து இறங்கியபோது, கொடிகளுக்கு நடுவே, வளைந்த மூக்கோடு, தங்க பெயின்ட் அடித்து, அரபிகளின் காபிக் கூஜா பளபளத்தது. தூண்களின் உச்சியில் அன்னாசிப் பழம் வைப்பது அங்கத்திய வழக்கமாம். கார்மேகம் சிமென்டில் பிடித்த அன்னாசி, முள்ளும் முழுமையுமாக, சொந்த மண்ணின் பலாப்பழமாகவே வந்தது.

"ரெண்டும் பழம்தானே சார்" என்றார் கார்மேகம்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஜனவரியில் அந்த மதில் ஜெயித்தது. மாலைக் காற்று சில்லென்று வீசும்போது, பகல் முழுதும் சூடேறிய செங்கலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டீ குடிப்பது உண்மையிலேயே சுகமாக இருந்தது. பொங்கலுக்கு வந்தவர்கள் சுவரை விட்டு எழுந்திருக்கவில்லை. "முதுகு வலிக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கு" என்றார் மீராசா. சேதுராமன் பேசவே இல்லை. புன்னகை மட்டும். ஜெயித்த அங்கேகாரர் அவ்வளவு அடக்கமாக இருப்பார்.

பிறகு மார்ச் வந்தது.

மார்ச்சில் மதில் வெயிலைக் குடிக்க ஆரம்பித்தது. ஏப்ரலில் அதற்குப் போதை ஏறியது. மூன்று பக்கமும் அடைத்த முற்றத்தில் காற்று வர வழியில்லை. வந்த வெயிலுக்குப் போக வழியில்லை. மாலை ஏழு மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல். வாடகை விஷயமாக வந்த வீட்டுக்கார அரபி, முற்றத்துக்குள் போய் ஒரு நிமிஷம் நின்றார். அவருடைய முன்னோர்கள் மின்விசிறி இல்லாத காலத்தில், எங்கோ போகிற காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கக் கோபுரம் கட்டியவர்கள். தலைத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சேது, மாஃபி ஹவா" என்றார். காற்றே இல்லையாம். கதவில் இருந்த கூஜாவை மட்டும் பாராட்டிவிட்டுப் போனார்.

ஜலஜா ஒரு குற்றமும் சொல்லவில்லை. சுவரோரம் பாய் விரித்து மோர்மிளகாய் காயவைத்தாள். மூன்று நாள் காயவேண்டியது ஒரே நாளில் கலகலவென்று ஆயிற்று. "நல்ல சுவர்" என்றாள் ஷம்சியாவிடம், சேதுராமன் காதுபட. "மோர்மிளகாய்க்கு இதை அடிச்சுக்க முடியாது."

ஏப்ரல் கடைசியில் மரத்தின் இலைகள் ஓரம் சுருண்டன. மே பிறந்ததும் மஞ்சள் தட்டி, தொட்டால் உதிர்ந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதுபோல் வந்து, மெல்லிய குரலில் விசாரித்துவிட்டு, இலை கேட்காமல் போனார்கள். கார்மேகம் வந்து பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "உசுரு இருக்கும்மா. ஆனா ஜூன் வெயிலை இந்தக் கூண்டுக்குள்ள தாங்காது. இந்தப் பக்கம் செவுத்துல நாலடிக்கு நாலடி திறந்துவிட்டா, கடக்காத்து வந்துரும். எனக்கு ஒரு நாள் வேலை. ஆனா சார் சொல்லணும்."

சார் சொல்லமாட்டார். "அங்கேயும் முதல் வருஷம் செடி இப்படித்தான் சுணங்கும்" என்றார். ஈரச் சாக்கைச் சுவரில் தொங்கவிட்டார். ஜுரம் வந்த பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுவதுபோல, காலையும் மாலையும் மதிலுக்குத் துணி மாற்றினார். மரத்தை அவர் நேசிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பின்வாசல் படியில் உட்கார்ந்து அவர் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை ஸ்வாதி கண்டாள். ஆனால் சுவரை இடித்தால் என்ன அர்த்தம்? "அங்கே" தோற்று, "இங்கே" ஜெயித்தது என்று அர்த்தம். எந்த அங்கேகாரர் அதைச் சம்மதிப்பார்?

ஒரு நாள் ஜலஜா வைத்த ரசத்தில் கறிவேப்பிலை இல்லை. சேதுராமன் கரண்டியை விட்டுத் துழாவினார். ஒன்றுகூட இல்லை.

"ரசத்துல என்னமோ குறையுதே?"

"ஒண்ணும் குறையலை" என்றாள் ஜலஜா. "பழகிக்கணும்." எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வாக்கியத்தை அவள் முடித்திருந்தாள். முதல் தடவையாக அவள் முடித்த வாக்கியத்துக்கு அவர் பயந்தார்.

ஸ்வாதிக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. அங்கேகாரரை இங்கே இருக்கிற காரணத்தைச் சொல்லி அசைக்க முடியாது. அங்கிருந்தே ஒரு காரணம் வேண்டும். "அப்பா, ஃபோனைக் கொஞ்சம் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையிலேயே நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மதில். மதில். கதவு. கீல். ஆணி. பாசி. மதிலோடு அப்பா. கதவோடு அப்பா. மழைக்கோட்டு போட்ட ஒரு பாட்டியம்மாவோடு அப்பா. அங்கே தொண்டுக்கு வந்து மதிலின் வரலாறு சொன்னவராம். முந்நூற்றுச் சொச்சமாவது படத்தில் கை நின்றது. அப்பா தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம். கண்ணை மூடியிருந்ததால் யாருக்கும் காட்டாதது. அவருடைய இடது காதுக்குப் பின்னால், மதிலில் ஒரு பெரிய திறப்பு. அதில் கம்பி வேலைப்பாடு. அதன் வழியே தூரத்து வயல்.

"இது என்னப்பா?"

சேதுராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அட... ஆமா. அந்தம்மா சொன்னாங்க. உள்ளே இருந்தபடியே வெளியைப் பார்க்கறதுக்காகச் சுவத்தைத் திறந்து கம்பி வைப்பாங்களாம். அதுக்கு ஒரு பிரெஞ்சுப் பேர்கூட இருக்கு." அவருடைய முதுகு நிமிர்ந்தது. "பார்த்தியா! அங்கே மதில்னா சும்மா மூடி வைக்கிறது இல்லை. நம்ம கார்மேகம் அதை விட்டுட்டான். அவனுக்கு இன்னிக்கே ஃபோன் போடு."

கார்மேகத்தின் மேல் விழுந்த இந்தப் பழியை ஸ்வாதி பேசாமல் கேட்டுக்கொண்டாள். மரம் முக்கியம். ஆனால் படங்களைத் தள்ளிய விரலுக்கு வேறொரு சந்தேகமும் வந்திருந்தது.

"அப்பா, மாளிகை எங்கே?"

"எந்த மாளிகை?"

"இந்த மதிலெல்லாம் எந்த மாளிகையோடதோ அது. ஒரு படம்கூட இல்லையே?"

சேதுராமன் சமையலறைப் பக்கம் பார்த்தார். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "கூரை வேலை நடந்துக்கிட்டிருந்தது" என்றார், மிக மெல்ல. "சுத்திச் சாரம் கட்டி, படுதா போட்டு மூடியிருந்தான். அன்னிக்கு யாரையும் உள்ளே விடலை. கொண்டுவிட்ட வண்டி திரும்ப வர நாலு மணி நேரம். மழை வேற."

நாலு மணி நேரம் வெளியே நிறுத்திவைத்தால் யாராக இருந்தாலும் சுவரைக் காதலிக்கத்தான் வேண்டும். ஸ்வாதிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு ஃபோனை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கார்மேகம் திறப்பை இடித்தார். இடிக்கும்போது, தான் அதை விட்டுவிட்டதாகச் சொன்ன சாரைப் பார்த்து, "ஆமா சார், மறந்துட்டேன். இந்த வயசுல ஞாபகம் நிக்கமாட்டேங்குது" என்று வெகு பவ்யமாகச் சொன்னார். கல் விழுந்த அந்த நொடியே, கடல் பக்கத்திலிருந்து உப்புக் காற்று முற்றத்துக்குள் வந்து பாயைப் புரட்டியது. பன்னிரண்டாம் நாள், மொட்டையாய் நின்ற கிளைக் கணுவில் மிளகு அளவுக்கு ஒரு கொழுந்து தெரிந்தது. முதலில் கண்ட ஜலஜா யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, உள்ளே வந்து, "காபி குடிக்கறீங்களா?" என்று அவரிடம் நேராகவே கேட்டாள், ஸ்வாதி வழியாக அல்ல.

அந்த வாரக் கடைசியில் மீராசாவுக்குப் புதிய பாடம் நடந்தது. "அங்கே மதிலுக்குள்ளே காத்து விளையாடணும் மீராசா. அதுதான் முதல் விதியே." மீராசா தலையாட்டினார். புஜைராவிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்த களைப்பு அவருக்கு.

நன்றாகச் சிரித்தீர்களா? நல்லது. இப்போது உங்களிடம் ஒரு சின்ன விசாரணை. போன லீவில் எங்கே போய்வந்தீர்கள்? நாலு நாளா, ஐந்து நாளா? திரும்பி வந்ததும் வீட்டுக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தீர்களே, அப்போது நாக்கு நுனியில் வந்து நின்ற முதல் வார்த்தை என்ன? உங்கள் ஃபோனிலும் ஒரு ஐநூறு படம் இருக்கும். அதில் உள்ளே போய் எடுத்தது எத்தனை, வாசலில் நின்று எடுத்தது எத்தனை? பதில் யாருக்கும் சொல்ல வேண்டாம். வீட்டில் ஏதாவது மரம் இருந்தால் மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்தத் திறப்புக்குக் கம்பி செய்ய அளவு கொடுக்கப் போன அன்று, காரை ஸ்வாதிதான் ஓட்டினாள். சேதுராமன் அளவெடுத்த தாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வெல்டிங் கடைத் தெருவின் சிக்னலில் வண்டி நின்றபோது, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"ஸ்வாதி, நீ எப்பவாவது அந்த மாளிகைப் பக்கம் போனா, உள்ளே எப்படி இருக்குன்னு நல்லாப் பார்த்துட்டு வந்து எனக்கு மட்டும் சொல்லும்மா. மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."